விமானக் கொட்டகையில் பிறந்த விழாவும் நம் பள்ளி மேடையும்



வெயிலும் மழையும் மட்டுமே அறிந்த நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இலையுதிர் காலம் என்பது படங்களில் மட்டும் காணும் பருவம். ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்ப் பருவம் என்று நம் முன்னோர் வகுத்தனர். ஏறத்தாழ அதே காலத்தில், வடதுருவ வட்டத்தை ஒட்டிய ஐஸ்லாந்து நாட்டில் பகல் சுருங்கி, இரவு நீண்டு, குளிர்காற்று வீசத் தொடங்கிவிடும். சுற்றுப்பயணிகள் குறையும் அந்தப் பருவத்தில் அந்நாட்டில் தோன்றிய ஓர் இசை விழாவைப் பற்றியும், அவ்விழா தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்முன் வைக்கும் ஒரு கேள்வியைப் பற்றியும் இன்று எழுத விரும்புகிறேன்.

எங்கோ நடக்கும் இசை விழாவுக்கும் நம் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு. சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கொட்டகையில் ஒரு தொடக்கம்

1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக் நகர விமான நிலையத்தில், விமானங்களை நிறுத்தி வைக்கும் கொட்டகை ஒன்றில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அதற்கு 'ஐஸ்லாந்து ஏர்வேவ்ஸ்' என்று பெயரிட்டனர். அந்நாட்டு விமான நிறுவனமான ஐஸ்லாந்துஏர் அதற்குத் துணை நின்றது. வெறிச்சோடிக் கிடக்கும் பருவத்தில் வெளிநாட்டவரை வரவழைக்க வேண்டும் என்ற வணிக நோக்கமும் அதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு முதல் விழா நகரின் நடுப்பகுதிக்கு இடம் மாறியது. தேவாலயம், கலை அருங்காட்சியகம், பழைய திரையரங்கு என்று நகரமே மேடையாயிற்று. பல ஆண்டுகள் புத்தகக் கடைகளிலும் காபிக்கடைகளிலும்கூடக் குழுக்கள் பாடின. பெருந்தொற்றுக் காலத்தில் தடைபட்ட விழா 2022இல் மீண்டும் கூடியது. அண்மைய ஆண்டுகளில் அது நவம்பர் மாதத் தொடக்கத்தில் நடைபெற்று வருகிறது.

இவ்விழாவில் பாடுவோரில் பெரும்பாலோர் 'இண்டி' குழுக்கள் எனப்படும் சுயேச்சை இசைக்குழுக்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் அழைப்புக்குக் காத்திராமல், தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒலிப்பதிவு செய்யும் இளைஞர்களையே அப்பெயர் குறிக்கும். அவர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லாதிருக்கலாம், குரல் பிசிறலாம். ஆனால், பாடும் பாட்டு அவர்களுடையது.

இனி, ஒரு கணக்கைப் பார்ப்போம். அவ்விழா தொடங்கிய 1999இல் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. இன்றும் அது நான்கு இலட்சத்தைத் தாண்டவில்லை. மலேசியாவில் வாழும் தமிழர்களோ அதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். அத்துணைச் சிறிய மக்கள் கூட்டம் ஆண்டுதோறும் ஒரு விழாவை நிரப்பும் அளவுக்குச் சொந்தப் பாட்டுடன் மேடை ஏறும் இளைஞர்களை எங்கிருந்து பெறுகிறது? என்னைச் சிந்திக்க வைத்த கேள்வி இதுவே.

மேடைக்கு முன்னர் அமைந்தவை

விழா குழுக்களைப் பிறப்பிக்கவில்லை. விழாவுக்கு நெடுங்காலம் முன்னரே அங்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன.

முதலாவது, இசைப்பள்ளிகள். 1960களிலேயே இசைப்பள்ளிகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்க அந்நாடு சட்டம் இயற்றியது. இன்று மீன்பிடி ஊர்களிலும் இசைப்பள்ளி உண்டு. ஆசிரியர் ஊதியத்தை ஊராட்சி மன்றம் ஏற்கிறது. பெற்றோரும் ஒரு கட்டணம் செலுத்துகின்றனர். உலகப் புகழ்பெற்ற பாடகி பியோர்க் சிறு வயதிலேயே இத்தகைய பள்ளியில் பயின்றவர். 1977இல், பன்னிரண்டு வயதளவில், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

இரண்டாவது, ஒரு போட்டி. 1982ஆம் ஆண்டு ரெய்க்யாவிக் நகரின் இளைஞர் மன்றம் ஒன்று இளம் இசைக்குழுக்களுக்கான போட்டியைத் தொடங்கியது. 'மூசிக்தில்ரோய்னிர்' என்பது அதன் பெயர். 'இசைச் சோதனை முயற்சிகள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். 13 முதல் 25 வயது வரை உள்ளோர் பங்குபெறலாம். சொந்தப் பாட்டைப் பாடவேண்டும். வெல்லும் குழுவுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் சில மணி நேரம் பரிசாகக் கிடைக்கும். கோப்பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், அடுத்த பாட்டைச் செய்வதற்கான வாய்ப்பையே பரிசாக வழங்கும் அந்த எண்ணத்தை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கவேண்டும்.

2010இல் அப்போட்டியில் வென்ற குழுவின் பெயர் 'ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்'. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏர்வேவ்ஸ் விழாவுக்கு வந்திருந்த சியாட்டில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று, ஒரு வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்து அவர்கள் பாடியதைப் பதிவு செய்து வெளியிட்டது. அந்தப் பாட்டு கடல் கடந்தது. 2012இல் அவர்களின் முதல் இசைத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடத்தைப் பிடித்தது.

விழா என்பது அறுவடை. விதைப்பு வேறிடத்தில், வேறு பருவத்தில், பதின்மூன்று வயதுக்கு முன்னரே நடந்துவிடுகிறது.

மொழியும் பாட்டும்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். நான் மேலே குறிப்பிட்ட குழு ஆங்கிலத்தில் பாடுகிறது. பியோர்க்கும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடியிருக்கிறார். உலகச் சந்தையின் மொழி ஆங்கிலம் என்பதை அந்நாட்டு இளைஞர்களும் அறிவார்கள். நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் அதே இழுப்பை அவர்களும் எதிர்கொள்கின்றனர்.

ஆயினும், அங்கே மற்றொரு கதையும் உண்டு. 'சிகுர் ரோஸ்' என்னும் குழு 1999இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியிலேயே அமைந்தது. அம்மொழி அறியாதவர்கள் உலகெங்கும் அதைக் கேட்டனர். அடுத்த ஆண்டு, 2000இல், அந்த இளையோர் போட்டியில் 'ராட்வைலர்' நாயின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு குழு வென்றது. அவர்கள் செய்தது 'ராப்' எனப்படும் சொல்லிசை. அதையும் தாய்மொழியில் செய்தனர். அதற்கு முன்னர் அந்நாட்டில் புகழ்பெற்றிருந்த 'குவராஷி' என்ற சொல்லிசைக் குழு ஆங்கிலத்தையே கையாண்டு வந்தது. பழங்கதைகளின் மொழியாகப் போற்றப்பட்ட ஒன்று தெருவோரத்து இளைஞனின் கோபத்தையும் கேலியையும் சொல்ல வல்லது என்பதை அப்பிள்ளைகள் செய்து காட்டினர்.

இதைப் படிக்கும் மலேசியத் தமிழர்களுக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வரும். 1990களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவின் வழியாக அறிமுகமான யோகி பி, பின்னர் நட்சத்திரா குழுவினருடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டார். தமிழில் இவ்வாறும் பாடலாம் என்று தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் அது எடுத்துக்காட்டிற்று. அத்தொகுப்பில் மிகவும் பேசப்பட்ட பாட்டு, இளையராஜாவின் பழைய திரைப்பாடல் ஒன்றின்மேல் எழுப்பப்பட்டது என்பதும் உண்மை. அது குறையாகாது. பழையதை எடுத்துத் தன் சொல்லைச் சேர்ப்பதும் படைப்பே.

எனவே, நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் கூற முடியாது. இல்லாதது எது? அந்த விதைப்புத்தான்.

நம் பள்ளி மேடை

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா, ஆண்டிறுதி நிகழ்ச்சி ஆகியவை நடைபெறும் நாளில் மண்டபத்தில் என்ன ஒலிக்கிறது? தமிழ் வாழ்த்தும் வரவேற்புரையும் முடிந்தவுடன் திரைப்பாடல். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆடுகின்றனர். அடுத்து இன்னொரு திரைப்பாடல். ஒப்பனைக்கும் உடை வாடகைக்கும் பெற்றோர் செலவு செய்கின்றனர். ஆசிரியர்கள் பல நாள் மாலைப்பொழுதை ஒதுக்கிப் பயிற்சி தருகின்றனர். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். திரைப்பாடலை வெறுப்பவனும் அல்லன். நல்ல தமிழ்ச் சொற்கள் பலவற்றைப் பிள்ளைகள் அப்பாடல்களின் வழியே கற்றிருக்கின்றனர்.

என் கவலை வேறு. தமிழ் என்பது வேறு யாரோ, வேறு எங்கோ எழுதி அனுப்புவது. நாம் அதற்கு வாயசைத்தால் போதும் என்னும் பாடத்தை நம் மேடை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. செந்தமிழ் விழாவின் கவிதை ஒப்புவித்தல் போட்டியிலும் பிள்ளை ஒப்புவிக்கிறது, படைப்பதில்லை. வகுப்பில் சொல்வதெழுதுதல், மேடையில் சொன்னபடி ஆடுதல். அப்படியானால், அப்பிள்ளை தன் சொல்லைச் சொல்லும் இடம் எங்கே?

இதில் நம் நிலை ஐஸ்லாந்துக் குழந்தையின் நிலையைவிடக் கடினமானது. அக்குழந்தைக்குத் தொடக்கப்பள்ளி முடிந்த பின்னரும் பள்ளியிலும் கடையிலும் அரசு அலுவலகத்திலும் தாய்மொழி தொடர்கிறது. நம் பிள்ளைகளுக்கோ தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவடைகிறது. பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சில பள்ளிகளில் அதுவும் முறையான நேரத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறது. அங்கே இளைஞர் போட்டியில் முதன்முறை மேடை ஏறத் தகுதி பெறும் அதே பதின்மூன்றாம் வயதில்தான் நம் பிள்ளைகள் நம் கையைவிட்டுப் போகின்றனர். நமக்குக் கிடைப்பது ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் தமிழில் தானே ஒன்றைச் செய்து, நாலு பேர் முன்னிலையில் நின்று பாடிய நினைவு அவர்களுக்கு வாய்க்கவேண்டும். புள்ளி மறந்துபோகும்; சொந்தப் பாட்டு மறக்காது.

லாரிப் பாட்டு

ஆண்டு 5 மாணவர்களுடன் 'நம் வகுப்புப் பாட்டு' என்ற ஒன்றை முயன்று பார்த்தேன். குழுவுக்கு ஐவர். தாம் அன்றாடம் காணும் ஒன்றைப் பற்றி எட்டு வரி எழுதவேண்டும் என்பது மட்டுமே விதி. கட்டுரைத் தாளில் ஐந்து வாக்கியத்தைத் தாண்டாத ஒரு மாணவன் பன்னிரண்டு வரி எழுதி வந்தான்.

'அப்பா லாரி விடியும் முன்னே போகும்;
வீட்டுச் சாவி என் கழுத்தில் ஆடும்.'

எதுகை அமையவில்லை, மோனையும் அமையவில்லை. இறுதிச் சொற்கள் மட்டும் எவ்வாறோ இயைந்துவிட்டன. நான்கு நண்பர்கள் மேசையைத் தட்டித் தாளமிட, இசைப் பாடத்தில் கற்ற ரெக்கார்டர் குழலை ஒரு மாணவி ஊத, அந்தப் பாட்டு வகுப்பில் அரங்கேறியது. பள்ளி முடிந்து வெற்று வீட்டின் கதவைத் தானே திறக்கும் பிள்ளையின் வாழ்க்கை அவ்விரு வரிகளில் அடங்கியிருந்தது. எத்தனை கட்டுரைத் தலைப்பு கொடுத்தும் அவனிடமிருந்து வெளிவராத ஒன்று அது. இயைபுத் தொடை என்றால் என்ன என்பதை அன்று விளக்கியபோது வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. இலக்கணம் அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது, அதனால் கேட்டனர்.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாறு எழுதினால் சில மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

'ஐஸ்லாந்து செல்வச் செழிப்புள்ள நாடு. அரசு பணம் தருகிறது. நமக்கு யார் தருவார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர்தோறும் இசைப்பள்ளி என்பது நம் கையில் இல்லை. ஆனால், பாட்டுக் கட்ட மேசையும் ஒரு தாளும் போதும். அங்கேயும் அந்தப் போட்டி பெரிய மண்டபத்தில் தொடங்கவில்லை. ஓர் இளைஞர் மன்றத்தில்தான் தொடங்கியது.

'பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை' என்பது ஆசிரியர்களின் மறுப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளையின் படைப்பும் பேச்சும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும் நேரத்திலேயே இதைச் செய்யலாம். தனி நேரம் தேடவேண்டியதில்லை.

'பிள்ளைகள் பிழையாக எழுதுவார்கள். பிழையோடு மேடை ஏற்றுவதா?' என்று கேட்போர் உளர். பிழை திருத்தப்பட வேண்டியதே. ஆனால், திருத்தும் முறையில் நிதானம் வேண்டும். முதல் நாள் கருத்தைக் கேட்போம். மறுநாள் எழுத்துப்பிழையைத் திருத்துவோம். சொற்களை மட்டும் நாம் மாற்றி எழுதவேண்டாம். நாம் மாற்றி எழுதினால் அது ஆசிரியர் பாட்டாகிவிடும். பிள்ளை மீண்டும் வாயசைக்கும் நிலைக்குத் திரும்பிவிடும்.

'திரைப்பாடல் இல்லையென்றால் கூட்டம் வராது' என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரின் அச்சம். தன் பிள்ளை தானே எழுதிய பாட்டைப் பாடுகிறது என்றால் வராத பெற்றோர் உண்டா? பத்து நிகழ்ச்சிகளில் ஒன்பது அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் தரலாம் அல்லவா?

உறுமி மேளம் அடிக்கும் மாணவன்

பலர் முகம் சுளிக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தமிழ் இளைஞர்கள் தாமாகவே கூடி, கைக்காசு போட்டுக் கருவி வாங்கி, குழுவுக்குப் பெயர் சூட்டி, சீருடை தைத்து, யாரும் கட்டளையிடாமல் இரவெல்லாம் பயிற்சி செய்யும் ஓர் இசை உண்டு. அது உறுமி மேளம். கோவில் திருவிழாக்களில் அவர்களைக் காண்கிறோம். சில குழுக்கள் தாமே பாட்டுக் கட்டி ஒலிப்பதிவும் செய்கின்றன. சுயேச்சை இசைக்குழு என்பதன் இலக்கணம் முழுவதும் இவர்களுக்குப் பொருந்துகிறது.

ஆனால், உறுமி அடிக்கும் மாணவன் என்றதும் கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவேடுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. சில குழுக்களைச் சுற்றி அடிதடியும் தீய பழக்கமும் இருந்ததை நான் மறுக்கவில்லை. பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதற்காகக் கதவைச் சாத்திவிட்டால், அந்தப் பிள்ளைகளின் இசையார்வத்தை வழிநடத்தும் பொறுப்பைத் தெருவிடம் ஒப்படைத்தவர்கள் ஆகிவிடுகிறோம். 1980களில் ரெய்க்யாவிக் நகரத்துப் பெரியவர்களுக்கும் முரட்டு உடையணிந்த 'பங்க்' இளைஞர்கள் உவப்பாக இருந்திருக்க மாட்டார்கள். எனினும், மன்றத்தின் கதவைத் திறந்து, மேடை கொடுத்து, ஒரு விதியையும் வைத்தனர்: சொந்தப் பாட்டு வேண்டும். நாமும் உறுமி அடிக்கும் அண்ணன்மார் சிலரை ஆசிரியர் மேற்பார்வையில் பள்ளிக்கு அழைத்து, தாளத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் செய்யலாம்.

செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. மூன்று சிறு வேண்டுகோள்கள் மட்டுமே.

1. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்கள் தாமே எழுதி மெட்டமைத்த ஒரு தமிழ்ப்பாட்டை மேடை ஏற்றவேண்டும். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு பாட்டு என்றாலும் ஆண்டுக்கு ஐந்நூறு புதிய தமிழ்ப்பாடல்கள். அவற்றில் நானூற்றுத் தொண்ணூறு மறக்கப்படலாம். அதனால் குறைவொன்றுமில்லை.

2. பரிசு தருவதாயின், கோப்பைக்கு மாற்றாக அப்பாட்டை நல்ல முறையில் ஒலிப்பதிவு செய்து கொடுப்போம். அமைதியான ஓர் அறையும் ஒரு கைப்பேசியும் இருந்தால் இன்று அது இயலும். அந்தப் பதிவு பள்ளியின் நூல்நிலையத்தில் பாதுகாக்கப்படட்டும்.

3. பெற்றோர்களே, பிள்ளை தாளில் எதையோ கிறுக்கி, மேசையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தால், 'போய்ப் படி' என்று சொல்வதற்கு முன்னர், 'எங்கே, அம்மாவுக்குப் பாடிக் காட்டு' என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஏர்வேவ்ஸ் போன்ற விழா நம் நாட்டில் நாளையே நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பந்தலும் ஒலிபெருக்கியும் என்றேனும் ஒருவர் பணம் போட்டால் வந்துவிடும். அந்த நாளில் மேடை ஏறுவதற்குச் சொந்தத் தமிழ்ப்பாட்டோடு நம் பிள்ளைகள் இருப்பார்களா என்பதே கேள்வி. அதற்கான விடை ஆண்டு 4, 5, 6 வகுப்புகளில், நம் கண்முன் அமர்ந்திருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றே: 'உன் பாட்டு எது?'

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்